சீனியோடு போன வீட்டுக்காரர்

குவோஸ்டென் என்றால் இரும்பு. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால், இதாவது நிற்கட்டுமே என்று அவருடைய அம்மா அந்தப் பெயரை வைத்தாள். பெயர் பலித்தது, மனிதர் நின்றார். ஆனால் அந்தப் பெயரை அவரே கொஞ்சம் அதிகமாக நம்பிவிட்டார். ஐம்பதைத் தாண்டிய பிறகும், ஊர்ச் சுகாதார நிலையத்தின் படியை மிதித்ததில்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தார். பல் வலித்தால் ராக்கியா என்கிற பழச் சாராயம். முதுகு பிடித்தால் ராக்கியா. விரலில் சுத்தியல் விழுந்தால் முதலில் அம்மாவைக் கூப்பிடுவார், பிறகு ராக்கியா.

குளிர்காலத்தில் அவருக்குப் பள்ளிக்கூடத்துக் கொதிகலனில் வேலை. கரி அள்ளிப்போட்டு மொத்தக் கட்டடத்தையும் சூடாக வைத்திருப்பார். இலையுதிர்காலம் வந்தால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் செப்பு அண்டாவை ஏற்றிவிடுவார். மொராவா ஆற்றின் இந்தக் கரையில் விளைகிற பிளம்ஸ் பழத்தில் பாதி அந்த அண்டாவுக்குள்தான் போய் ராக்கியாவாக இறங்கும். முதலில் சொட்டுவது முதல்வடி. அதைக் குடித்தால் கண் போய்விடும். நெடியே மண்டையைப் பிளக்கும். அதற்காக யாரும் கொட்டிவிடுவதில்லை. உடம்பில் தேய்க்கவென்று தனியாக எடுத்து வைப்பார்கள். புட்டியோடு யார் வந்தாலும் குவோஸ்டென் கேட்பது ஒன்றுதான்.

"குடிக்கவா, பூசவா?"

பூச என்றால் முதல்வடி. வெட்டு, சிராய்ப்பு, பூச்சிக்கடி எல்லாவற்றுக்கும் அதே சரக்கு. கூடவே இலவசமாக ஒரு புத்திமதியும் வரும்: "ஊத்திட்டு மூடி வைக்காதே. காயம் மூச்சு விடட்டும்." இது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை, ஊரே சொல்வதுதான். ஜன்னலைத் துளி திறந்தால் குறுக்குக்காற்று அடித்து ஆள் படுத்துவிடுவான் என்று கோடையிலும் சாத்தி வைக்கிற ஜனம், காயம் மட்டும் மூச்சு விட வேண்டும் என்கிறது. என்ன நியாயமோ!

குவோஸ்டெனின் அப்பா வயிற்று வலிக்கு ராக்கியாவில் நனைத்த துணியைப் போட்டுக்கொண்டு, "காலைல சரியாயிடும், காலைல சரியாயிடும்" என்றே சொல்லிக் குடல்வால் வெடித்துப் போய்ச் சேர்ந்தவர். அந்த வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை.

மனைவி இறந்தபின் குவோஸ்டென் பல வருஷம் தனி ஆள். சமையல் என்ற பெயரில் தினமும் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். இப்படி இருந்தவர் அந்த இலையுதிர்காலத்தில் திடீரென்று தினமும் சவரம் செய்ய ஆரம்பித்தார். காரணம் விடோசவா. சுகாதார நிலையத்தில் நர்ஸ், அவளும் கணவனை இழந்தவள். தன் தோட்டத்துப் பழத்தைக் காய்ச்சக் கொண்டுவந்தவள், கொடுத்துவிட்டுப் போகாமல் முக்காலியைப் போட்டு அண்டாப் பக்கத்தில் உட்கார்ந்து சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம், காய்ச்சப் பழம் எதுவும் இல்லாமலே வந்தாள். அவ்வளவுதான், கை கூடத் தொட்டதில்லை. ஆனாலும் மனிதருக்கு மனசு நிறைந்திருந்தது.

புனித டிமிட்ரியின் நாள் வந்தது. அதுதான் குவோஸ்டென் வீட்டு ஸ்லாவா. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு, அவருடைய நாளில் கதவு திறந்திருக்கும். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. வருகிறவர்கள் தாமாக வர வேண்டும். ஆகவே விடோசவாவைக் கூப்பிடவும் முடியாது. அவள் வந்தால், தனிக்கட்டை வீட்டுக்கு ஒரு பெண் முதன்முதலாக ஸ்லாவாவுக்கு வந்ததற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். வராவிட்டால் அதற்கும் அர்த்தம் உண்டு. வருவாளா மாட்டாளா என்று ஒரு வாரமாக மனிதர் சரியாகத் தூங்கவில்லை.

அன்று காலை புதுக் கால்சட்டை போட்டுக்கொண்டு கழிவறையில் நின்றுகொண்டிருந்தபோது வாசலில், வீட்டை ஆசீர்வதிக்க வரவேண்டிய பாதிரியாரின் கார் ஹாரன் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். குவோஸ்டென் பதறிப்போய் ஜிப்பை ஒரே இழுப்பாக மேலே இழுத்தார். ஜிப் அவருடைய ஆண்குறியின் முன்தோலைக் கவ்வியது. கத்தலைப் பல்லுக்கு நடுவே அடக்கிக்கொண்டு அதே வேகத்தில் கீழே இழுத்தார். ஜிப் விட்டது, தோல் கிழிந்தது, ரத்தம் வந்தது.

சின்னக் கிழிசல்தான். சுத்தமான துணியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும், இந்தக் கதையும் முடிந்திருக்கும். ஆனால் இரும்பர் ஆயிற்றே! அலமாரியிலிருந்து முதல்வடியை எடுத்து ஊற்றினார். ஊற்றிய பிறகு அவர் அந்தச் சின்ன அறைக்குள் போட்ட ஆட்டத்தைப் பாதிரியார் பார்க்காததே புண்ணியம். பிறகு காயம் மூச்சு விடட்டும் என்று முன்தோலை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு, கைக்குட்டையைக் கிழித்து முதல்வடியில் நனைத்து, அது முன்னால் வராதபடி சுற்றிக் கட்டினார். முகம் கழுவிக்கொண்டு போய்ப் பாதிரியாரின் கையை முத்தமிட்டார்.

ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. வந்தவர்களுக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டு, தட்டைப் பார்த்துப் பார்த்து நிரப்பிக்கொண்டு, நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும். குவோஸ்டெனுக்கு அன்று உட்காரவே முடியவில்லை. அது யாருக்குத் தெரியும்? "பாருங்கய்யா, வீட்டுக்காரன்னா இவர்தான்! நாற்காலிப் பக்கமே போகல" என்று ஒருவர் மெச்சினார். இன்னொருவர், "அவங்க அப்பாவும் இப்படித்தான், இரும்பு" என்றார். குவோஸ்டென் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து, முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டி வேகவைத்த சர்மாவை இன்னும் இரண்டு அவர் தட்டில் வைத்தார்.

மதியத்துக்குமேல் வலி பொறுக்கமுடியாமல் போனது. பழம் எடுக்கப் போகிறதாகச் சொல்லிக் கொட்டகைக்குப் போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். மொட்டுக்குப் பின்னால் தோல் சைக்கிள் டியூப் மாதிரி உப்பி, வளையமாக இறுகிப்போயிருந்தது. முன்னால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. நுனியின் நிறமும் சரியில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் குவோஸ்டெனுக்கு நிஜமான பயம் வந்தது.

அந்த நேரம் பார்த்து ரத்தோமிர் உள்ளே வந்தார். ரத்தோமிர் அவருடைய கூம், அதாவது கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர். கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேலே.

"என்ன கூமே, மூஞ்சி மாவு மாதிரி வெளுத்துக் கிடக்கு?"

"ஒன்னுமில்லடா. ஜிப் கடிச்சிருச்சு."

"எங்க?"

"எங்க கடிக்கும்? காதுலயா கடிக்கும்?"

ரத்தோமிர் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடப்பாவி! நோவி பசார்ல சுன்னத்து பண்ணின நம்ம ஹலீலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது பார். கடிக்கத் தோலு இருந்தாத்தானே!"

"சிரிக்காதடா. வீங்கிப்போச்சு. பின்னால தள்ளி விட்டேன், இப்ப முன்னால வரமாட்டேங்குது."

"வீக்கந்தானே? முட்டைக்கோஸ் இலையைச் சுத்து. அதை அடிச்சுக்க ஒன்னும் கிடையாது. காலைல பாத்துக்கலாம்."

"டாக்டர்கிட்ட..."

"பைத்தியமா உனக்கு? ஸ்லாவா அன்னிக்கு வீட்டுக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போனான்னா, அதுவும் இதுக்காகப் போனான்னா, ஏழு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பானுங்க. அங்க யாரு இருப்பா தெரியுமா? உன் விடோசவா இருப்பா!"

அந்தக் கடைசி வார்த்தை போதுமானதாக இருந்தது. ஊறுகாய் போடக் குவித்திருந்த முட்டைக்கோஸில் ஓர் இலையைப் பிய்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு குவோஸ்டென் திரும்பவும் வீட்டுக்குள் போனார். போனால், வாசலில் விடோசவா நிற்கிறாள். ஒரு கையில் காபிப்பொடி, இன்னொரு கையில் ஒரு கிலோ சீனி. வெறுங்கையோடு யாரும் வரமாட்டார்கள். அறையில் பேச்சு நின்றது. எல்லாக் கண்ணும் அவள்மேல், பிறகு அவர்மேல். ஒரு வாரமாகக் காத்திருந்த நிமிஷம் இது. மனிதருக்கோ அழுகை வந்துவிடும்போல் இருந்தது, அதுவும் சந்தோஷத்தில் இல்லை.

வழக்கப்படி கன்னத்தில் முத்தமிட அவள் பக்கத்தில் வந்தாள். வந்தவள் மூக்கைச் சுளித்தாள். அவர் நிற்கிற தினுசையும் நெற்றி வியர்வையையும் பார்த்தாள். "சீனியை எங்க வைக்கட்டும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டு அவரைச் சமையலறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள்.

"முதல்வடி குடிக்கிறீங்களா?"

"சீச்சீ! அதை யாராவது குடிப்பாங்களா?"

"அதான் பார்த்தேன். நெடி வாயிலேர்ந்து வரல. இடுப்புக்குக் கீழேர்ந்து வருது. எங்க காயம்?"

அவர் அடுப்பைப் பார்த்தார். "அங்க."

"அங்கன்னா?"

"அங்கன்னா அங்கதான், விடோசவா! ஆம்பளைக்கு அங்கன்னா வேற எங்க?"

அவள் சிரிக்கவில்லை. "தோல் பின்னால போய் மாட்டிக்கிச்சா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்போலேர்ந்து?"

"பாதிரியார் வந்ததுலேர்ந்து."

"ஒன்னுக்குப் போக முடியுதா?"

"சொட்டுச் சொட்டா."

"கோட்டைப் போடுங்க. போவோம்."

"எப்படிம்மா போறது? புனிதருக்கு ஏத்தின மெழுகுவர்த்தி எரியுது. விருந்தாளி உட்கார்ந்திருக்காங்க. வீட்டுக்காரன் பாதியில எழுந்து போனதா இந்த ஊர்ல சரித்திரமே கிடையாது. காலைல வர்றேன். சத்தியமா வர்றேன்."

விடோசவா காபிப்பொடியை அலமாரியில் வைத்தாள். அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"உங்க அப்பாவும் காலைல வர்றேன்னுதான் சொல்லியிருக்காரு. அவரைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு டியூட்டில நான்தான் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. காப்பாத்துறதுக்கு ஒன்னும் மிச்சம் வைக்கல. உங்களுக்கு உசிர் போகாது, பயப்படாதீங்க. ஆனா ரத்தம் போகாத இடம் கருத்துப்போகும். கருத்துப்போனதை யாராலயும் திருப்பித் தர முடியாது."

அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். குவோஸ்டென் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தார்.

விடோசவா தான் கொண்டுவந்த சீனியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். "இது எதுக்கு?" என்றார். "மருந்து" என்றாள். அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று ஒரு நொடி தோன்றியது. கேட்கத் தைரியம் இல்லை.

வெளியே போக முன்னறை வழியாகத்தான் போக வேண்டும். குவோஸ்டென் மெழுகுவர்த்தியைப் பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "கூமே, எனக்குப் பதிலா நீ நில்லு" என்றார். காலை அகட்டி அகட்டி நடந்து போனார். பின்னாலேயே சீனியோடு விடோசவா. கதவு சாத்தியதும் உள்ளே யாரோ ஒரு பெண் சொன்னது விடோசவாவின் கார் வரைக்கும் கேட்டது: "ஆத்தாடி! வந்தா, சீனியையும் எடுத்துக்கிட்டா, வீட்டுக்காரரையும் எடுத்துக்கிட்டா!"

டியூட்டியில் டாக்டர் லூக்கிச் இருந்தார். சின்ன வயசு, கடும் ஜலதோஷம். கட்டை அவிழ்த்தவர் முட்டைக்கோஸ் இலையைக் கண்டு நிமிர்ந்தார்.

"என்னய்யா இது, சர்மாவா?"

திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த விடோசவாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள், ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது.

டாக்டர் மரத்துப்போகிற களிம்பு போட்டார். வீங்கின தோலைச் சுற்றிச் சீனியைக் குவித்து, ஈரத்துணியால் மூடினார். சீனி வீக்கத்திலிருக்கும் நீரை இழுக்கும், வீக்கம் குறைந்தால் தோல் இளகும் என்றார். "விடோசவா அக்கா சீனியோட வந்ததைப் பார்த்தே என்ன கேஸுன்னு புரிஞ்சுபோச்சு. இன்னும் முத்தியிருந்தா ஆபரேஷன் கத்திதான்."

குவோஸ்டென் படுத்துக் கிடந்தார். காலையிலிருந்து அப்போதுதான் முதுகு கீழே பட்டது. திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய்."

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்குது, விடோசவா. ரொம்ப வலிக்குது. பயமாவும் இருக்கு."

அம்மா போன பிறகு அந்த வார்த்தைகளை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் வலி குறைந்துவிடவில்லை. ஆனால் திரைக்குக் கீழே ஒரு கை நீண்டு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்.

சீனி தன் வேலையைச் செய்தது. பிறகு டாக்டர் கையுறை விரல்களால் வீக்கத்தை நிதானமாக, விடாமல் அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் கட்டைவிரலால் மொட்டை உள்ளே தள்ளித் தோலை முன்னால் கொண்டுவந்தார். குவோஸ்டென் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதற்குப்பின் கழிவறைக்குப் போனவர் வெகுநேரம் வரவே இல்லை. வெளியே வந்தபோது முகத்தில் ஸ்லாவா வெளிச்சம் இருந்தது.

டாக்டர் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டே திட்டினார். "அந்த வெட்டு ஒரு வெட்டே இல்லய்யா. தானா ஆறியிருக்கும். இனிமே வெறும் தண்ணி, ஒத்தித் துடைங்க, கொஞ்சம் வாசலின், தொளதொளன்னு பருத்தி ஜட்டி. ஆறுறவரைக்கும் தோலைப் பின்னால தள்ளவே வேணாம். அப்புறம் கழுவத் தள்ளினீங்கன்னா, உடனே முன்னால கொண்டுவந்துடணும், அதை மறந்தா திரும்ப இங்கதான். ராக்கியாப் பக்கமே அது போகக் கூடாது!"

"இன்னொரு தடவை ஜிப்..."

"கடிச்சிருந்தா இழுக்காதீங்க. அப்படியே வாங்க, நாங்க ஜிப்பை வெட்டிக்கிறோம். கால்சட்டை போனா போகுது. அழுத்தியும் ரத்தம் நிக்கலைன்னா, சீழ் வெச்சா, காய்ச்சல் வந்தா, ஒன்னுக்கு அடைச்சா, நிறம் மாறினா, நேரா வாங்க. புனிதர் கோவிச்சுக்க மாட்டாரு."

வீடு திரும்பியபோது விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். ரத்தோமிர் மட்டும் தள்ளாடிக்கொண்டு, ஆனால் நின்றுகொண்டு, மெழுகுவர்த்தியைக் காத்துக்கொண்டிருந்தார்.

காயம் ஆறிவிட்டது. ஊர் வாய்தான் ஆறவில்லை. சீனியும் வீட்டுக்காரரும் என்று கடைத்தெருவில் கதை ஓடியது. ஆசை பொறுக்காமல் விருந்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போனார்கள் என்று கேட்டவர்கள் நம்பினார்கள். குவோஸ்டென் மறுக்கவில்லை. நிஜத்தைவிட அது கௌரவமாக இருந்தது. வசந்தகாலத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த இலையுதிர்காலத்தில் புட்டியோடு வந்தவர்களிடம் அவர் கேட்ட கேள்வி பாதியாகிவிட்டது. "குடிக்கத்தானே?" பூச என்று யாராவது சொன்னால் குழாயைக் காட்டுவார். முதல்வடியை வடிகாலில் கொட்டினார். ஊர் அதற்கும் சிரித்தது.

மறுபடியும் டிமிட்ரி நாள். குவோஸ்டென் நின்றுகொண்டிருந்தார், விடோசவா சர்மாப் பாத்திரத்தோடு வந்தாள். யாரோ ஆரம்பித்தார்கள்: "சீனியைப் பத்திரமா வச்சிருக்கீங்களா அக்கா? வீட்டுக்காரர் காணாமப் போயிடப்போறாரு!" மேஜை குலுங்கியது. விடோசவாவின் முகம் சிவந்தது. ஒரு வருஷமாக அந்தப் பேச்சு முழுக்க அவள் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது, ஆசை பிடித்தவள் என்ற பட்டத்தோடு. குவோஸ்டெனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. சீச்சீ, என்ன மனுஷன் நான் என்று தன்மேலேயே கோபம் வந்தது. புட்டியைக் கீழே வைத்தார்.

"ஓடிப்போகல. ஜிப்புல என் சாமான் மாட்டிக்கிச்சு. முதல்வடியை ஊத்திக் கெடுத்தேன். தோலு பின்னால போய் இறுகிப்போச்சு. இவ மட்டும் அன்னிக்கு வரலைன்னா இன்னிக்கு எனக்குச் சாமானே இல்ல. சீனி எதுக்குத் தெரியுமா? அதுமேல போடத்தான்!"

சிரிப்பு வெடித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், கூம் என்பதால் முன்பே முழுக் கதையும் தெரிந்திருந்த ரத்தோமிர். "சர்மா! டாக்டர் சர்மாவான்னு கேட்டிருக்காரு!" என்று மேஜையைக் குத்திக் குத்திக் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். விடோசவாவும் சிரித்தாள். குவோஸ்டெனுக்கு நெஞ்சு லேசானது.

பழம் எடுக்கக் கொட்டகைக்குப் போனபோது பின்னாலேயே ரத்தோமிர் வந்தார். கதவைச் சாத்தினார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"கூமே. எனக்கும் அங்க ஒரு புண்ணு."

"எப்போலேர்ந்து?"

"உங்க கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே. சின்னதுதான். ஆறவே மாட்டேங்குது. தோலு வெள்ளையா இறுகிப்போச்சு, பின்னால போகமாட்டேங்குது. யார்கிட்ட சொல்றது?"

"என்னடா போட்ட?"

ரத்தோமிர் தரையைப் பார்த்தார். "நீ குடுத்ததுதான். ஒரு பழைய புட்டி இருந்துச்சு. பூச."

குவோஸ்டென் பழக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ரத்தோமிரின் தோளைப் பிடித்தார்.

"வா போலாம்."

"இப்பவா? வீட்டுக்காரன் நீ! மெழுகுவர்த்தி எரியுதுடா. காலைல..."

"அந்தக் காலை எனக்கு நல்லாத் தெரியும். அது வரவே வராது. விடோசவா! கார் சாவியைக் கொண்டா!"

ரத்தோமிர் கோட்டுப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினார். பிறகு சின்னப் பையன் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"சீனி எடுத்துக்கணுமா?"

"வேணாம்டா" என்று சொல்லி, குவோஸ்டென் அந்தப் பொத்தானைத் தானே மாட்டிவிட்டார். முன்னறை வழியாக, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வருஷமும் வீட்டுக்காரர் தன் ஸ்லாவாவை விட்டு வெளியே போனார்.